எந்த மலைப் பழம், எந்தப் பள்ளி மார்க்?

திண்டுக்கல் நாகல் நகரில் சிறுமலை செட் என்று ஓர் இடம் உண்டு. மலையிலிருந்து இறங்கும் வாழைத்தார், பலா, எலுமிச்சை எல்லாம் அங்கேதான் ஏலத்துக்கு வரும். தாரின் எடையையும் சீப்பின் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன்னால் வெளியூர் வியாபாரி கேட்பது, “எந்த மலை?” என்றுதான். சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சமவெளித் தோட்டத்தில் விளைந்த தார் அதைவிடப் பெருத்திருந்தாலும் அந்த விலை கிடைக்காது.

மே மாதத்தில் ஒருநாள், அதே செட்டில் தார் இறக்கிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார் சிறுமலைக்காரர் ஒருவர். முப்பது ஆண்டு பிளஸ் டூ வகுப்பெடுத்து ஓய்வுபெற்றவன் நான் என்பதால், ரிசல்ட் வந்த வாரம் இப்படி யாராவது வருவது வழக்கம். கையில் மகளின் மார்க் பட்டியல். “சார், எம்மக 523 எடுத்திருக்கு. பக்கத்து வீட்டுப் பையன் 493தான். ஆனா அவனுக்கு நல்ல இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்கும், உங்க மகளுக்குக் கஷ்டம்னு பிரவுசிங் சென்டர்ல சொல்றாங்க. எங்களை ஏமாத்துறாங்களா?”

யாரும் ஏமாற்றவில்லை. மார்க் பட்டியல் ஒன்றே என்றாலும், ஒவ்வொரு வாசலிலும் அதை வேறு வேறு மாதிரி படிக்கிறார்கள். சில வாசலில் மார்க்கைவிட எந்தப் பள்ளி, எந்த குரூப் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நம் ஊரில் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிள்ளை பிளஸ் டூ முடித்த பிறகு, மாற்ற எதுவும் மிச்சமில்லாத நேரத்தில்தான் பெற்றோருக்குத் தெரியவருகிறது.

அவருக்கு நான் ஒரு தாளில் எழுதிக் காட்டிய கணக்கு இது. மகள் தமிழில் 95, ஆங்கிலத்தில் 92, கணிதத்தில் 78, இயற்பியலில் 80, வேதியியலில் 82, உயிரியலில் 96. கூட்டினால் 523. பையன் தமிழில் 70, ஆங்கிலத்தில் 65, கணிதத்தில் 95, இயற்பியலில் 88, வேதியியலில் 90, கணினி அறிவியலில் 85. கூட்டினால் 493. பொறியியல் கலந்தாய்வில் 600 என்ற கூட்டுத்தொகைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. கணித மார்க் அப்படியே 100க்கு, இயற்பியல் பாதியாக 50க்கு, வேதியியல் பாதியாக 50க்கு. மொத்தம் 200. இதுதான் கட்-ஆஃப். மகளுக்கு 78, 40, 41 சேர்ந்து 159. பையனுக்கு 95, 44, 45 சேர்ந்து 184. மொத்தத்தில் 30 மார்க் குறைந்தவன் கட்-ஆஃபில் 25 மார்க் முன்னால் நிற்கிறான். தமிழில் எடுத்த 95ஐ அங்கே யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. தமிழாசிரியர்களுக்கு இது உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. ஆனால் கணக்கு அதுதான்.

கட்-ஆஃப் என்ற சொல் நம் வீடுகளில் புழங்கத் தொடங்கியது நுழைவுத் தேர்வுக் காலத்தில். 1984 முதல் தொழிற்கல்விக்கு மாநில அரசே நுழைவுத் தேர்வு நடத்தியது. பிளஸ் டூவில் 200, நுழைவுத் தேர்வில் 100, ஆக 300க்குக் கட்-ஆஃப். நுழைவுத் தேர்வுப் பயிற்சி நகரத்துப் பிள்ளைக்கு எட்டியது. நத்தம், வேடசந்தூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு எட்டவில்லை. கல்வியாளர் மு.ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு நுழைவுத் தேர்வை நீக்கப் பரிந்துரைத்தது. 2006இல் சட்டம் வந்தது. 2007 முதல் பிளஸ் டூ மார்க் ஒன்றே பொறியியலுக்குப் போதும் என்றாயிற்று. பிளஸ் டூ மார்க்குக்கு இவ்வளவு எடை தருகிற மாநிலங்கள் இந்தியாவில் அதிகமில்லை.

ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் என்ன செய்வது? முதலில் கணித மார்க், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது விருப்பப் பாடம் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் கடைசியில் ரேண்டம் எண். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி தரும் பத்து இலக்க எண் அது. எண் பெரிதாக இருப்பவருக்கு முன்னுரிமை. சுருங்கச் சொன்னால் குலுக்கல் சீட்டு. ரேண்டம் எண் வெளியாகும் நாளில் சாமி கும்பிட்டுவிட்டு வரும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு அந்த எண் தேவையே படாது என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

இதே மார்க் பட்டியலை அரசு கலைக் கல்லூரி வேறு மாதிரி படிக்கும். திண்டுக்கல் எம்.வி.முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி ஆனாலும் நிலக்கோட்டை அரசு மகளிர் கல்லூரி ஆனாலும் விண்ணப்பம் இணையத்தில் ஒன்றுதான். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கை வைத்துத் தரவரிசை, பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க். மற்ற பெரும்பாலான பாடங்களுக்கு, மொழி இரண்டையும் விட்டுவிட்டு மீதி நான்கு பாடங்களை 400க்குக் கூட்டுவார்கள். நம் சிறுமலைக்காரர் மகளுக்கு 336. இருபாலர் கல்லூரியில் பக்கத்து வீட்டுப் பையன் நின்றால் அவனுக்கு 358. பி.ஏ. தமிழ் என்று வந்தால் மட்டும் 95க்கு முன்னால் 70 நிற்க முடியாது. கால்நடை மருத்துவம் என்றால் உயிரியல் 100க்கு, இயற்பியலும் வேதியியலும் 50, 50. அங்கே மகளுக்கு 96, 40, 41 சேர்ந்து 177. பையன் உயிரியலே படிக்காதவன். பொறியியலில் 159ஆக நின்ற அதே பெண்தான் அங்கே 177. “இதைப் போன வருசமே சொல்லியிருந்தா கணக்கை ஒதுக்கிட்டு உயிரியலை நல்லாப் பிடிச்சிருக்கும்ல” என்றார் அப்பா. உயிரியலில்தான் 96 வாங்கிவிட்டாளே என்றேன். சிரித்தார்.

மருத்துவத்தின் வாசலில் மார்க் பட்டியல் ஏறக்குறைய ஊமை. 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட். இயற்பியல், வேதியியல், உயிரியலில் குறைந்தபட்ச மார்க் இருந்தால் போதும். அதற்கு மேல் வாங்கிய ஒவ்வொரு மார்க்கும் அங்கே வீண். 720க்கு நீட்டில் எவ்வளவு என்பதே பேச்சு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்குப் போகிறவர்களுக்கும் பிளஸ் டூ மார்க் என்பது வாசற்படி மட்டும்: 75 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 65 சதவீதம்; அது இல்லாவிட்டால் தன் வாரியத்தில் முதல் 20 சதவீதத்தினருக்குள் வந்திருக்க வேண்டும். திருவாரூரில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு 2022 முதல் சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு. அதற்கு முந்தைய ஆண்டு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இந்துக் கல்லூரி அரசியல் அறிவியலுக்கு 100 சதவீதம் கட்-ஆஃப் போட்டது, அதற்கும் கேரள வாரியத்து மாணவர்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். எந்த வாரியம் மார்க்கை வாரி வழங்குகிறது, எது கிள்ளிக் கொடுக்கிறது என்ற சண்டை அப்போது நாடு முழுக்கக் கேட்டது.

அந்தச் சண்டை நம் மாநிலத்துக்குள்ளும் உண்டு. மாநில வாரியத்தில் படித்தவனும் சி.பி.எஸ்.இ.யில் படித்தவனும் ஒரே கலந்தாய்வுக்கு வருகிறார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. ஒவ்வொரு வாரியத்திலும் அந்தப் பாடத்தின் முதல் மார்க்கைச் சமமாக்கிவிடுவது. உதாரணமாக, மாநில வாரியத்தில் கணித முதல் மார்க் 100, இன்னொரு வாரியத்தில் 95 என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரியத்தில் 76 வாங்கியவனுக்கு 80 ஆகக் கணக்கிடுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உச்சியில் நிற்கும் ஒரே ஒருவரை மட்டும் பார்த்துப் போட்ட கணக்கு இது. இரண்டு வாரியத்திலும் யாரோ ஒருவர் 100 வாங்கிவிட்டால் சமன்பாடு படுத்துவிடும். நடுவில் நிற்கும் லட்சம் பேருக்கு ஒரு வாரியத்தில் கைதாராளமாகவும் இன்னொன்றில் இறுக்கமாகவும் மார்க் போட்டிருந்தால், அது கணக்கில் தெரியவே தெரியாது.

இலங்கையில் இதைவிடக் கூர்மையான கணக்கு ஒன்று இருக்கிறது. இசட் மதிப்பு என்பார்கள். உங்கள் மார்க் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, மற்றவர்கள் மார்க் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. பாடம் கடினமா எளிதா என்பதை அது ஓரளவு சரிக்கட்டும். ஆனால் மார்க்கைத் ‘தரப்படுத்தல்’ என்ற பெயரில் அந்த நாடு முதலில் செய்தது வேறு. 1970களின் தொடக்கத்தில் மருத்துவப் படிப்புக்குச் சிங்கள மாணவருக்கு 400க்கு 229 போதும், தமிழ் மாணவருக்கு 250 வேண்டும் என்றார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் அந்த எண்கள் இன்றும் மறக்கப்படவில்லை. மார்க்கைச் சமப்படுத்தும் சூத்திரத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மருந்தாகவும் ஆகும், விஷமாகவும் ஆகும்.

இனி, மார்க்கை யார் போடுகிறார்கள் என்ற கேள்வி. பிளஸ் டூ மார்க் முழுக்கப் பொதுத் தேர்வு மார்க் என்று நினைப்பவர்கள் பலர். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70 மார்க்குக்குத்தான். செய்முறை 20, பள்ளி தரும் அகமதிப்பீடு 10. கணிதம் போன்ற பாடத்தில் 90ம் 10ம். அந்தப் பத்து மார்க்கில் வருகைப்பதிவுக்கும் பங்கு உண்டு. அறுவடை நேரத்தில் பிள்ளையை இருபது நாள் தோட்டத்தில் நிறுத்திக்கொள்ளும் அப்பாமார் இதைக் குறித்துக்கொள்ளலாம். பெரும்பாலான பள்ளிகள் அகமதிப்பீட்டில் தாராளமாகவே போடுகின்றன. எல்லாருக்கும் பத்து போட்டால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் கண்டிப்பான ஒரு பள்ளி எட்டுப் போட்டால், அந்தப் பிள்ளை கணிதத்தில் இரண்டு மார்க் கட்-ஆஃபை முழுசாக இழக்கிறது. அரை மார்க்குக்கு ஆயிரக்கணக்கானவர் முன்னும் பின்னும் நகரும் பட்டியலில் இரண்டு மார்க் என்பது பெரிது.

பள்ளி போடும் மார்க் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கொரோனாக் காலம் காட்டிவிட்டது. 2021இல் பிளஸ் டூ பொதுத் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பில் அதிக மார்க் எடுத்த மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று கலந்து மார்க் போட்டார்கள். பத்தாம் வகுப்பில் விளையாட்டாக இருந்துவிட்டுப் பிளஸ் டூவில் உட்கார்ந்து படித்தவன் அந்த ஆண்டு தோற்றான். என் தெருவிலேயே ஒருவன் உண்டு. இன்னும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். அதற்கு முந்தைய ஆண்டுப் பத்தாம் வகுப்புக்குக் காலாண்டு, அரையாண்டு மார்க்கில் 80 சதவீதமும் வருகையில் 20 சதவீதமும் எடுத்துக்கொண்டார்கள். அரையாண்டுத் தேர்வு விடைத்தாளைக் கட்டிவைத்திருந்த பள்ளிக்கும், அதைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிட்ட பள்ளிக்கும் அப்போது வித்தியாசம் தெரிந்தது.

பிளஸ் ஒன் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கட்-ஆஃப் பிளஸ் டூவில் மட்டுமே இருக்கிறது என்பதால், நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பல பிளஸ் ஒன் பாடத்தை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டின. அதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 1200 என்றிருந்த பிளஸ் டூ மொத்தமும் 600 ஆனது. இரண்டு ஆண்டு மார்க்கும் சேரும் என்று முதலில் சொன்னார்கள். அதே ஆண்டில், கல்லூரிச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று மாற்றினார்கள். கல்லூரி பார்க்காத தேர்வுக்குப் பிள்ளை எதற்குப் பயப்பட வேண்டும்? கடைசியில் 2025-26 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன் பொதுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். சேர்க்கை விதி எந்தப் பக்கம் சாய்கிறதோ, வகுப்பறையும் அந்தப் பக்கமே சாயும். பாடத்திட்டக் குழு என்ன நினைத்தாலும் சரி.

இப்போது பள்ளிக்கு வருவோம். அமெரிக்காவில் பிளஸ் டூவுக்கு ஈடான வகுப்பை முடித்த பிள்ளை கல்லூரிக்கு விண்ணப்பித்தால், மார்க் பட்டியலோடு பள்ளியும் தன்னைப் பற்றி ஒன்றிரண்டு பக்கம் எழுதி அனுப்பும். எத்தனை மாணவர்கள், என்னென்ன கடினமான பாடங்கள் அங்கே நடத்தப்படுகின்றன, மார்க் போடும் முறை என்ன, சராசரி எவ்வளவு, போன ஆண்டு எத்தனை பேர் கல்லூரிக்குப் போனார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். அங்கே பொதுத் தேர்வு இல்லை, ஒவ்வொரு பள்ளியும் தன் இஷ்டத்துக்கு மார்க் போடுகிறது என்பதால் அந்தத் தாள் இல்லாமல் மார்க்குக்குப் பொருளே இல்லை. தன் பள்ளியில் உயர்கணிதமே நடத்தப்படவில்லை என்றால், அதைப் படிக்காததற்காகப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. பள்ளியின் தாளே அதற்குச் சாட்சி. டெக்சாஸ் மாநிலம் இன்னும் நேரடியாக ஒரு காரியம் செய்தது. 1997இல் ஒரு சட்டம் போட்டு, எந்தப் பள்ளியானாலும் அந்தப் பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் என்றது. ஏழைத் தெருவின் பள்ளியிலும் முதல் பத்து சதவீதம் என்று ஒரு கூட்டம் இருக்கத்தானே செய்யும்.

நம்மிடம் அப்படி ஒரு தாள் கிடையாது. நம் பள்ளி பேசுவது விண்ணப்பத்தில் ஒரே ஒரு பத்தியில்: அரசுப் பள்ளியா, அரசு உதவிபெறும் பள்ளியா, தனியார் பள்ளியா? அந்த ஒரு சொல்லுக்கு இன்று இருக்கும் எடையைப் பலரும் உணர்வதில்லை. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவத்தில் சேர்வது விரல்விட்டு எண்ணும் அளவுக்குப் போய்விட்டது. நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்து, 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. முதல் ஆண்டிலேயே மருத்துவமும் பல் மருத்துவமுமாகச் சுமார் 400 இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. 2021இல் நீதிபதி முருகேசன் குழுவின் பரிந்துரைப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது நீண்டது. அந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுகிறவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. கிழிந்த பையில் காசு எடுத்துவந்து செலவை எண்ணிப் பார்க்கும் வீட்டுக்கு இது கட்-ஆஃபைவிடப் பெரிய செய்தி. 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. அதன் இடங்களிலும் இந்த 7.5க்குப் பங்கு உண்டு.

ஆனால் ஒரு முள் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழு ஆண்டு. நடுவில் ஓராண்டு வேறு பள்ளிக்குப் போனாலும் போச்சு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் எட்டு வரை இலவச இடம் பெற்று, அதன்பின் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். நம் மாவட்டத்திலும் மதுரை, தேனியிலும் இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் வரும். அரசு உதவிபெறும் பள்ளி வராது.

சிறுமலைக்காரர் மகள் ஒன்பதாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி. ஆறு, ஏழு, எட்டு? “கீழ ஊருக்குள்ள விடுதியோட ஒரு பள்ளிக்கூடத்துல விட்டிருந்தோம் சார். பீஸெல்லாம் இல்ல. கவர்மென்ட் சம்பளம்தான அந்த வாத்தியாருங்களுக்கு?” ஆமாம், சம்பளம் அரசுதான் தருகிறது. அதனால்தான் அதற்கு அரசு உதவிபெறும் பள்ளி என்று பெயர். ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கேயும் படிக்கிறார்கள், அரசுப் பள்ளியோடு ஒப்பிட்டால் வகுப்பறையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் விதியின் கோடு அங்கே ஓடுகிறது. 159 என்ற கட்-ஆஃபோடு அந்தப் பெண் 7.5 சதவீதப் பட்டியலில் நின்றிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அந்தக் கோட்டை இவ்வளவு இறுக்கமாகப் போட்டது சரியில்லை என்பது என் எண்ணம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம்கூட முதலில் இப்படித்தான் இருந்தது. பிறகு 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் நீட்டித்தார்கள். 7.5க்கும் அப்படி ஒரு திருத்தம் வரலாம். வரும்வரை விதி விதிதான்.

பள்ளியின் இன்னொரு முகம், அது என்னென்ன குரூப் நடத்துகிறது என்பது. 2023இல் பிளஸ் டூவில் 600க்கு 600 வாங்கி மாநிலத்தையே திரும்பிப் பார்க்கவைத்த மாணவி நம் திண்டுக்கல்லைச் சேர்ந்தவர்தான். அண்ணாமலையார் மில்ஸ் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. ஆறு பாடத்திலும் முழு மார்க். அவர் படித்தது வணிகவியல் குரூப். அந்த 600ஐ வைத்துப் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தால் கட்-ஆஃப் போடவே முடியாது, கணிதமும் இயற்பியலும் வேதியியலும் பட்டியலில் இல்லை. அவருக்கு அது தேவையும் இல்லை, வணிகவியலே அவர் விரும்பி எடுத்த வழி. ஆனால் விரும்பாமல் அந்த குரூப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். பக்கத்துப் பள்ளியில் முதல் குரூப் இல்லை, இருந்தாலும் கணித ஆசிரியர் இல்லை, பேருந்து ஆறு மணிக்கு மேல் இல்லை என்ற காரணத்துக்காகவே காமர்ஸில் சேர்கிறார்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, மறுபடி ஏறி வீடு போக வேண்டிய பிள்ளைக்குப் பேருந்து நேரமும் ஒரு பாடப்பிரிவுதான். பள்ளியில் அந்த குரூப்பே இல்லை என்ற உண்மை எந்த விண்ணப்பத்திலும் பதிவாவதில்லை. அமெரிக்காவில் பள்ளி எழுதி அனுப்பும் அந்தத் தாளில் நமக்கு வேண்டியது இந்த ஒரு வரிதான்: “எங்கள் பள்ளியில் இந்தப் பாடம் நடத்தப்படவில்லை.”

அந்த வரி நமக்கு இப்போதைக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆகவே பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றே, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் குரூப்பைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைக்குக் கணக்கும் உயிரியலும் இரண்டும் ஓரளவு வரும் என்றால், இரண்டும் உள்ள குரூப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, நீட் என்று நான்கு வாசலையும் திறந்துவைக்கும். சுமை அதிகம் என்பதும் உண்மை. கணக்கே வராத பிள்ளையை ஊர்ப் பெருமைக்காக அதில் தள்ளினால், நான்கு வாசலிலும் குறைந்த மார்க்கோடு நிற்கும். அதற்குக் காமர்ஸில் 95 சதவீதம் வாங்கி நல்ல கல்லூரியில் பி.காம். சேர்வது எவ்வளவோ மேல்.

சிறுமலைக்காரருக்கு இன்னொரு பிள்ளை உண்டு, ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தான். “இவனை எங்க சேர்க்கட்டும் சார்?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். பதில் அவருக்கே தெரிந்திருந்தது. மகளைப் பொறுத்தவரை, பொறியியலுக்கும் விண்ணப்பிக்கச் சொன்னேன், கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பிக்கச் சொன்னேன், 50 ரூபாய் போட்டு அரசு கலைக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவைக்கச் சொன்னேன். மூன்று வாசலில் மூன்று விதமாகப் படிப்பார்கள் என்றால் மூன்று வாசலையும் தட்ட வேண்டியதுதானே.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 7.5 சதவீதம் கேட்கும் பிள்ளைக்கு, ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த ஒவ்வொரு பள்ளியின் விவரமும் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித்துறையின் இணையப் பதிவில் சரியாக இருக்கிறதா என்று பிளஸ் டூ தொடங்கும்போதே தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டில் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் வாங்கிவையுங்கள். அது இடம் தராது, கட்டணத்தைக் குறைக்கும். சிறுமலைப் பளியர் குடும்பங்கள் போன்ற பழங்குடியினருக்குச் சாதிச் சான்றிதழ் தருவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். விசாரணை முடிந்து கையில் வர நாளாகும். ரிசல்ட் வந்த பிறகு அலையாதீர்கள், அரையாண்டு விடுமுறையிலேயே மனுக் கொடுத்துவிடுங்கள்.